இப்ப என்னண்ணே பண்றது?

தும்பிக்கு நேராகப் பார்க்கத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் சித்திரக்கதைப் பத்திரிகை அலுவலகத்தில் வெடித்த பிரச்சினை அதுதான்.

ஓவியர் மூன்று அட்டைப்படங்களை மேசையில் பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றிலும் தும்பி இடுப்பில் கைவைத்து, காலை அகட்டி, கதாநாயகனுக்குரிய சகல லட்சணங்களோடும் நின்றான். கழுத்து வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. கழுத்துக்கு மேலேதான் வினை. மூன்று படத்திலும் அண்ணாந்து, வாயை லேசாகத் திறந்து, வலது மேல் மூலையை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூரை ஒழுகுதான்னு பாக்கற மாதிரி இருக்கு," என்றார் ஆசிரியர். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அறைக்குள் நடந்தபடியேதான் படிப்பார், நடந்தபடியேதான் திட்டுவார். அந்த அம்மாள் நடந்து நடந்து மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே தரைவிரிப்பு ஒரு கோடாகத் தேய்ந்திருந்தது.

"இருபது வருஷமா அவன் அங்கதான் மேடம் பாத்துக்கிட்டு இருக்கான்," என்றார் ஓவியர். "கை தானா அப்படிப் போகுது. நான் என்ன செய்ய?"

அவர் சொன்னது நிஜம். இருபது வருடங்களாக அந்த வலது மேல் மூலையில் விண்வேந்தன் இருந்தான். ஆஜானுபாகுவான உடம்பு, படபடக்கும் மேலங்கி, பாறையைப் பொடியாக்கும் முஷ்டி. அவன் இடுப்பு உயரத்தில் தும்பி. கதவிடுக்கில் மேலங்கி சிக்காமல் பிடித்துக்கொள்வது தும்பியின் வேலை. அதைவிட முக்கியமான வேலை ஒன்றும் உண்டு. நிலைமை முற்றும்போது, "இப்ப என்னண்ணே பண்றது?" என்று கேட்க வேண்டும். உடனே விண்வேந்தன் கீழே குனிந்து பார்த்துப் புன்னகைத்து, தன் திட்டத்தை விளக்குவான். வாசகர்களுக்கும் கதை புரிந்துவிடும்.

இத்தனை வருடமும் கதை எழுதிய பெரியவர் இரண்டு மாதம் முன்பு போட்டிப் பதிப்பகத்துக்குப் போய்விட்டார். விண்வேந்தன் அவர் படைப்பு என்பதால் அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். தும்பியையும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்க ஞாபகம் வரவில்லை. அதே ஞாபகமறதியில்தான் உதவியையும் விட்டுவிட்டுப் போனார்.

உதவி என்பது ஓர் ஆள். வேலைக்குச் சேர்ந்த நாளில் அவர் உதவி எழுத்தாளர். பேச்சுவாக்கில் எழுத்தாளர் தேய்ந்துபோய் உதவி மட்டும் நின்றுவிட்டது. பெரியவர் எதிரே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதுவதும், நடுநடுவே "அப்புறம் சார்?" "அது எப்படி சார் முடியும்?" என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொள்வதும்தான் அவர் செய்துவந்த வேலை. இப்போது தும்பியின் தனிப் புத்தகத்தை அவர் தனியாக எழுத வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போகாவிட்டால் பத்திரிகையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

மூடினால் எங்கே போவது என்பதும் முடிவாகியிருந்தது. உதவியின் மச்சினர் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். பாவம் மாப்பிள்ளை என்று முன்கூட்டியே ஒரு சுழல் நாற்காலி வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், குளியலறை டைல்ஸ் பகுதியில் போட்டு வைத்திருந்தார். அந்த நாற்காலிக்குப் பயந்து உதவி கடைப் பக்கமே போவதில்லை.

"கண்ணு போகட்டும். கதை எப்படி வருது?" என்று ஆசிரியர் உதவி பக்கம் திரும்பினார்.

பிரமாதமாக வருகிறது என்றார் உதவி. முதல் பக்கம் மட்டும்தான் வந்திருந்தது. பேருந்து நிலையத்தின் நடுவே பெரிய தண்ணீர்த் தொட்டி. வில்லன் அதன் ஒரு காலை உடைத்துவிட்டான். தொட்டி சாய்கிறது. அடியில் ஜனங்கள் அலறுகிறார்கள். தும்பி ஓடி வருகிறான். வந்ததும் கேட்கிறான்: "இப்ப என்னண்ணே பண்றது?"

அந்த வரியை உதவி ஏழெட்டு முறை அடித்துத் திருத்தப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பேனா அதையேதான் எழுதியது. கேட்கத் தெரிந்தவனிடம் போய்ப் பதில் சொல் என்றால் அவன் எங்கே போவான்? உதவி கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போனார். சுற்றுமுற்றும் பார்த்தார். பெரியவரை அழைத்தார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "சொல்லுப்பா."

"உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு..."

"உடம்பு கிடக்கு. எதையோ கேக்கத்தானே போன் பண்ணே. கேளு."

உதவி வெட்கத்தை விட்டுக் கேட்டார். எதிர்முனையில் காகிதம் சரசரத்தது. இன்னொரு தடவை கேள், மெதுவாகக் கேள் என்றார் பெரியவர். உதவி மெதுவாகக் கேட்டார்.

"பறக்கச் சொல்லு. இடுப்புக்கு ஒரு பெல்ட்டு கொடுத்துடு."

"பறந்து எங்க சார் போவான்?"

பெரியவர் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மேகத்துக்கு மேல," என்றார். "அங்க ஒருத்தன் இருக்கான்."

"யாரு சார் அது?"

"அதை நான் பாத்துக்கறேன்," என்று வைத்துவிட்டார்.

எவ்வளவு பெரிய மனிதர், கேட்ட மாத்திரத்தில் கொட்டுகிறாரே என்று உதவிக்கு மலைப்பாக இருந்தது. கூடவே துக்கமாகவும் இருந்தது. இருபது வருடம் பக்கத்தில் இருந்தும் தனக்கு இதில் ஒரு துளி ஒட்டவில்லையே.

தும்பி பெல்ட் கட்டிக்கொண்டு பறந்தான். பறந்தபடியே தொட்டியை இரண்டு கையாலும் தாங்கி நிமிர்த்தினான். இரண்டாம் பக்கத்தோடு கதை முடிந்துவிட்டது. மிச்சம் முப்பது பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ஓவியருக்கோ வேறு கவலை. பறக்கிறவன் மேலேதான் பார்ப்பான் என்ற நியாயத்தில் அவர் தும்பியை முன்னைவிட அதிகமாக அண்ணாந்து பார்க்க வைத்திருந்தார். இப்போது மூக்குத் துவாரம் மட்டும்தான் தெரிந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் போட்டிப் பதிப்பகத்தின் பெரிய சுவரொட்டி ஒட்டியிருந்தது. 'விண்வேந்தன் தனியாக வருகிறார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். விண்வேந்தன் கம்பீரமாக நின்று, வழக்கம்போல் இடது கீழ் மூலையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான். அங்கே தும்பி இல்லை. சுவரோரம் வைத்திருந்த குப்பைத்தொட்டிதான் இருந்தது. உதவி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாரே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

அன்றைக்கே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, மறுபடியும் பெரியவரைக் கேட்டார். வெளியே வந்தபோது மனைவி துண்டோடு நின்றாள்.

"யாருங்க போன்ல?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பருக்கு யாராவது அரைமணி நேரம் 'சரிங்க சார், சரிங்க சார்'னு சொல்வாங்களா?"

அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். வலிக்கவே இல்லை என்று பொய் சொல்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள். பேச்சை மாற்ற உதவி அட்டைப்படத்தைக் காட்டினார்.

"எங்க டாக்டர்கிட்ட வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் இருப்பாங்க," என்றாள். "வாயைத் திறந்துக்கிட்டு மேல லைட்டையே பாத்துக்கிட்டு." பிறகு குரலைத் தாழ்த்தி, அண்ணனிடம் நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் தனியாவே எழுதுவார், உன் கடைக்கெல்லாம் வரமாட்டார்னு சொல்லிட்டேன். சொன்னது சரிதானே?"

சரிதான் என்றார் உதவி. சொல்லிவிட்டு ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

குளியலறையில் கிடைத்த யோசனை, தும்பிக்கு ஒரு துணை கொடுப்பது. கேள்வி கேட்க வேறொரு ஆள் வந்துவிட்டால் தும்பி பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? செவ்வாய்க்கிழமை காலை ஒரு பேசும் கிளி பிறந்தது. பெல்ட்டைப் பறித்துக்கொண்டார்கள்.

இங்கேதான் யாரும் எதிர்பாராத கோளாறு. உதவிக்குத் துணைப் பாத்திரத்தின் மனசு அத்துப்படி. கிளி வாயைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லும் மணிமணியாக விழுந்தது. கிளி கேட்டது, கிண்டல் செய்தது, பயந்தது, பயத்தை மறைத்தது. தும்பி பக்கத்தில் பேச்சின்றி நின்றான். போதாக்குறைக்கு ஓவியர் கிளியை ஒரு விளக்குக் கம்பத்தின் உச்சியில் உட்கார வைத்திருந்தார். தும்பி அண்ணாந்து, வாயைத் திறந்து, ஆவலோடு கிளியைப் பார்த்தான். நாலாம் பக்கத்தில், "இப்ப என்ன கிளியண்ணே பண்றது?" என்றே கேட்டுவிட்டான்.

ஆசிரியர் நடந்துகொண்டே படித்தார். ஜன்னலருகே நின்று ஒரு முறை சிரிக்கக்கூடச் சிரித்தார். உதவிக்கு உயிர் வந்தது.

"கிளி ரொம்ப நல்லா இருக்கு," என்றார். "கிளிக்குத் தனியா ஒரு புத்தகம் போட்டா என்ன?"

வந்த உயிர் போய் மாடிப்படித் திருப்பத்தில் நின்றது. உதவி மூன்றாம் முறை அழைத்தார். அப்போதும் பெரியவர் முதல் மணியிலேயே எடுத்தார். தும்பி யாரையாவது பார்த்துக்கொண்டேதான் இருக்கிறான் சார், அவன் யாரைத்தான் சார் தேடுகிறான் என்று கேட்டார். காகிதம் படுவேகமாகச் சரசரத்தது.

"என்னையத்தான். அதாவது, விண்வேந்தனை. வானத்துலேருந்து குரல் மட்டும் வரட்டும்." பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "அடுத்தது என்ன கேப்ப? கேளு."

"அவ்வளவுதான் சார்."

"யோசிச்சுப் பாரு. இன்னும் ஏதாவது இருக்கும்."

இவ்வளவு கருணையா என்று உதவி கண் கலங்கினார். கிளியைப் பறக்கவிட்டார். வானத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தும்பி ஓடினான், குதித்தான், தொட்டியைக் காப்பாற்றினான். எல்லாம் குரல் சொன்னபடி.

ஆசிரியர் இரண்டு பக்கம் படித்ததும் நடையை நிறுத்தினார். அது நல்ல சகுனமில்லை என்று ஓவியர் தூரிகையைக் கழுவப் போய்விட்டார்.

"வானத்துல பேசறது யாரு?"

"குரல் மேடம்."

"அந்தாள் வாடை அடிக்குது. இதை அச்சடிச்சா நாளைக்கே வக்கீல் வந்து நிப்பான். நீங்க அவரோட பேசறீங்களா?"

இல்லை என்றார் உதவி. அவர் முகத்தை ஆசிரியர் ஒரு முறைதான் பார்த்தார். இன்னொரு தரம் பேசுவதாக இருந்தால் அப்படியே கீழே இறங்கிப் போய்விடுங்கள், தும்பி முடிந்தான் என்று நானே முதலாளியிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் உதவியை உலுக்கியது. உதவி கைப்பேசியிலிருந்து பெரியவர் எண்ணை அழித்தார். மனப்பாடமான எண்ணை அழித்து என்ன புண்ணியம்? ஆனாலும் அழித்தார்.

புதன்கிழமை முழுக்க அவர் நாற்காலியில் தரிக்கவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், பென்சிலைச் சீவினார், சீவியதையே மறுபடி சீவினார். ஆசிரியர் ஒரு பக்கம் நடக்க, இவர் மறுபக்கம் நடக்க, நடுவில் ஓவியர் இரண்டு பேருக்கும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு வேளையில் மூன்று பேரும் லிஃப்டில் இறங்கினார்கள். இரண்டு மாடிக்கு நடுவே கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது.

கைப்பேசியில் சிக்னல் இல்லை. உதவி தன்னையறியாமல் கேட்டார்.

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானா லிஃப்ட் செஞ்சேன்?" என்று சீறினார் ஆசிரியர். சீறி முடிப்பதற்குள், "மணி ஒண்ணு இருக்குமே," என்றார்.

"கரண்ட் இல்லாம மணி அடிக்குமா மேடம்?"

அடிக்காது. அப்படியென்றால் கதவைத் தட்டலாம் என்றார். எதனால் தட்டுவது என்று உதவி ஓவியரைக் கேட்டார். ஓவியர் பையிலிருந்து நீளமான இரும்பு ஸ்கேலை உருவினார். தட்டினார்கள், கத்தினார்கள், யாரும் வரவில்லை. இந்த ஸ்கேல் கதவிடுக்கில் நுழையுமா சார் என்று உதவி கேட்டார். நுழையவே நுழையாது என்று காட்டுவதற்காக ஓவியர் நுழைத்தார். கதவு ஒரு விரற்கடை நகர்ந்தது. ஆசிரியர் தன் செருப்பைக் கழற்றி அந்த இடைவெளியில் முட்டுக் கொடுத்தார். மூன்று பேரும் விரலை விட்டு இழுத்ததும் கதவு திறந்து, முழங்கால் உயரத்தில் மாடித் தரை தெரிந்தது. ஒருவர்பின் ஒருவராக ஏறி வெளியே வந்தார்கள்.

"நல்லவேளை, நான் இருந்தேன்," என்றார் ஆசிரியர், ஒற்றைச் செருப்போடு.

"நல்லவேளை, நான் இருந்தேன்," என்றார் ஓவியர், ஸ்கேலைத் துடைத்தபடி.

ஆமாம், ஆமாம் என்று உதவி இரண்டு பேருக்கும் தலையாட்டினார். பிறகு இருவரும் அவரைப் பார்த்து, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார்கள்.

"நான் சும்மா கேட்டுக்கிட்டு நின்னேன்."

சொன்னவர் அப்படியே நின்றார். அடுத்த நிமிடம் சாப்பாட்டுப் பையை ஓவியர் கையில் திணித்துவிட்டுப் படியேறி மேலே ஓடினார்.

இந்த முறை தும்பிக்கு பெல்ட் இல்லை, கிளி இல்லை, குரல் இல்லை. தொட்டி சாய்கிறது. பழக்கதோஷத்தில் தும்பி அண்ணாந்து பார்க்கிறான். மேலே ஒருவரும் இல்லை. அப்போது பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும் பேருந்து ஓட்டுநரைப் பார்த்து, "இப்ப என்னண்ணே பண்றது?" என்று கேட்கிறான். எனக்கு என்னப்பா தெரியும், பஸ்ஸைப் பின்னால் எடுக்கத்தான் தெரியும் என்கிறார் ஓட்டுநர். எடுத்து அந்த உடைந்த தொட்டிக்காலுக்கு முட்டுக் கொடுக்க முடியுமா அண்ணே என்கிறான் தும்பி. குழாய் ரிப்பேர்க்காரரைக் கேட்கிறான், தண்ணீரை வடிக்க வழி கிடைக்கிறது. அழுகிற குழந்தைமுன் மண்டியிட்டு அவள் அம்மா எங்கே என்று கேட்கிறான். கடைசியில் வில்லனையே நேருக்கு நேர் பார்த்து, "ஏண்ணே இப்படிப் பண்றீங்க?" என்கிறான். இத்தனை வருடத்தில் அந்த வில்லனை யாரும் அதைக் கேட்டதில்லை. அவன் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு அழுகிறான்.

பக்கம் பக்கமாக வாங்கி ஓவியர் வரைந்தார். தும்பி ஓட்டுநரை நேராகப் பார்த்தான். ரிப்பேர்க்காரரைப் பக்கவாட்டில் பார்த்தான். குழந்தையைக் குனிந்து பார்த்தான். கண் எந்தப் பக்கம் போகிறது என்று ஓவியருக்கு யோசிக்கவே நேரமில்லை. வியாழக்கிழமை மதியம் அட்டைப்படத்தைப் புதிதாக வரைந்தார். தும்பி வாசகரையே பார்த்துக்கொண்டிருந்தான், எதையோ கேட்கப்போகிறவனைப் போல.

ஆசிரியர் நடந்துகொண்டே படிக்க ஆரம்பித்தார். பாதியில் நடை மெதுவானது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓவியரும் உதவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்து முடித்ததும் அச்சகத்துக்குப் போன் போட்டு, "அனுப்பறேன்," என்று மட்டும் சொன்னார்.

அட்டையில் 'கதை' என்ற சொல்லுக்குக் கீழே முதன்முறையாக உதவியின் முழுப் பெயர் இருந்தது. அலுவலகத்தில் பாதிப்பேருக்கு அது யார் என்று தெரியவில்லை. மனைவி அச்சுப் பிரதியை மருத்துவமனைக்கு எடுத்துப்போய்ப் பல் வலிக்காரர்கள் மேசையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். மச்சினர் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துத் தானே உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை காலை உதவி வீட்டில் நிம்மதியாக நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அழித்த எண்தான், ஆனால் கண்ணுக்கு மனப்பாடம். அவர் நகவெட்டியைக் கீழே வைத்தார். மூன்று முறை கேட்டு வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லாமல் விட்டாயிற்று. பெரியவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பேசியது பெரியவரின் மனைவி. குரலை அடக்கிப் பேசினார். பக்கத்து அறையில் யாரோ குறுக்கும் நெடுக்கும் நடக்கிற சத்தம் கேட்டது.

"என்ன தம்பி, செவ்வாய்க்கிழமையோட போனே காணோம்?"

"சாரைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்மா. நானே எப்படியோ சமாளிச்சு முடிச்சுட்டேன்."

"நீங்க முடிச்சுட்டீங்க. இங்க விண்வேந்தன் செவ்வாய்க்கிழமை பறந்தவன் இன்னும் அந்தரத்துலேயே நிக்கிறான், தம்பி. எங்கண்ணே போறீங்கன்னு ஒரு தடவை கேட்டுடுங்களேன், எறங்கி வந்துடுவான்."